ஏவுகணை வீரரின் காலரில் ஏன் பழைய பீரங்கி?

அமெரிக்கத் தரைப்படையில் பேட்ரியாட் என்ற வான் பாதுகாப்பு ஏவுகணையை இயக்கும் வீரரின் முறைச் சீருடையைப் பார்த்தால், காலரில் ஒரு சிறிய சின்னம் இருக்கும். குறுக்காகப் படுத்திருக்கும் இரண்டு பழங்காலப் பீரங்கிகள். அவற்றின் நடுவே நிமிர்ந்து நிற்கும் ஓர் ஏவுகணை. அந்த மாதிரிப் பீரங்கியை அவர் பயிற்சியில்கூடத் தொட்டிருக்க மாட்டார். அவருடைய வேலை முழுவதும் ராடார் திரையோடு போகிறது. அப்படியானால் பீரங்கி எதற்கு?

இதற்குப் பதில் தேடிப் போனால், ராணுவ வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு மூலைக்குப் போய்ச் சேருவோம். படைப்பிரிவுகளின் வம்சாவளி. எந்தப் பிரிவு எதிலிருந்து வந்தது, எப்போது பெயர் மாறியது, எப்போது உறங்கியது, எப்போது எழுந்தது என்ற கணக்கு. முதலில் பார்க்கிறவர்களுக்கு இது வெறும் எண்களும் தேதிகளுமாகத் தெரியும். கொஞ்சம் பழகிவிட்டால் ஒரு பெரிய குடும்பத்தின் கதையைப் படிப்பது போல இருக்கும்.

சில சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பீரங்கிப் படையில் 'பேட்டரி' என்றால் மின்கலம் இல்லை. சில பீரங்கிகளோ ஏவுகணை ஏவிகளோ, அவற்றை இயக்கும் சுமார் நூறு பேரும் கொண்ட சிறு பிரிவு அது. காலாட்படையில் 'கம்பெனி' எதுவோ, பீரங்கிப் படையில் பேட்டரி அது. பழைய காலத்தில் பீரங்கிப் படையிலும் கம்பெனி என்றே சொன்னார்கள். பல பேட்டரிகள் சேர்ந்தால் பட்டாலியன். பட்டாலியன்கள் சேர்ந்தது ரெஜிமென்ட். இந்தக் கடைசிச் சொல்லுக்கு இன்று வேறு அர்த்தம் வந்துவிட்டது; அதைப் பிறகு சொல்கிறேன்.

எது தொடர்கிறது?

ஒரு பட்டாலியனில் இன்று இருக்கும் ஆட்களில் பெரும்பாலோர் சில வருடங்களில் மாறிவிடுவார்கள். ஆயுதம் மாறும். ஊர் மாறும். பெயரும் எண்ணும் பல தடவை மாறியிருக்கும். நடுவில் இருபது வருடம் அந்தப் பிரிவில் ஒரு ஆள்கூட இல்லாமல் இருந்திருக்கும். பிறகு எதை வைத்து ஒரு பிரிவை 'இருநூறு வருடப் பழையது' என்கிறார்கள்?

ஆணைகளை வைத்துத்தான். நிலம் வாங்கும்போது மூலப் பத்திரத்திலிருந்து இன்று வரை கைமாறிய ஒவ்வொரு பத்திரமும் சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று பார்ப்போம் இல்லையா? அதில் நின்ற வீடு இடிந்திருக்கலாம், குடியிருந்தவர்கள் எப்போதோ போயிருக்கலாம், ஆனால் பத்திரம் பேசும். படைப்பிரிவுக்கும் அப்படித்தான். அமெரிக்கத் தரைப்படையில் இந்தச் சங்கிலியைப் பார்த்துக்கொள்வது ராணுவ வரலாற்று மையம். ஒவ்வொரு பிரிவுக்கும் அந்த மையம் 'லினியேஜ் அண்ட் ஹானர்ஸ்' என்ற சான்றிதழைத் தருகிறது. அதில் ஒரு பகுதி வம்சாவளி, இன்னொரு பகுதி அந்தப் பிரிவு பெற்ற போர்ச் சிறப்புகள்.

அந்தச் சான்றிதழின் மொழிதான் புதியவர்களைத் தடுக்கி விழ வைக்கும். ஒவ்வொரு வினைச்சொல்லும் சட்டச் சொல் போலக் குறிப்பான பொருளோடு வரும். 'கான்ஸ்டிட்யூட்டட்' என்றால் படையின் பட்டியலில் ஒரு பெயர் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆள் யாரும் இல்லை, ஆயுதமும் இல்லை. 'ஆக்டிவேட்டட்' என்று வந்தால்தான் அந்தப் பெயருக்கு உயிர் வருகிறது. 'இன்ஆக்டிவேட்டட்' என்றால் ஆட்களையும் ஆயுதங்களையும் எடுத்துவிட்டார்கள், ஆனால் பெயர் பட்டியலில் உறங்குகிறது. நாளைக்கே மறுபடி எழுப்பலாம். 'டிஸ்பேண்டட்' கடுமையான சொல். பெயரே பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது. அதையும் 'ரீகான்ஸ்டிட்யூட்டட்' என்று மீட்டுக் கொண்டுவர வழி உண்டு. 'ரீடெசிக்னேட்டட்' வெறும் பெயர் மாற்றம். 'கன்சாலிடேட்டட்' என்பது இரண்டு பிரிவுகள் ஒன்றாகி, இரண்டின் வரலாறும் ஒரே கணக்கில் சேர்வது. இந்த ஏழு சொற்கள் கைவசம் இருந்தால் எந்தச் சான்றிதழையும் படித்துவிடலாம்.

நாக்ஸும் ஹாமில்டனும்

1775 நவம்பர் 17 அன்று அமெரிக்கக் குடியேற்றங்களின் காங்கிரஸ், ஹென்றி நாக்ஸ் என்பவரைப் பீரங்கி ரெஜிமென்டின் கர்னலாகத் தேர்ந்தெடுத்தது. அவர் பாஸ்டனில் புத்தகக் கடை வைத்திருந்தவர். பீரங்கிக் கலையைப் பெரும்பாலும் படித்தே கற்றுக்கொண்டவர். அந்தக் குளிர்காலத்திலேயே டைக்கோண்டரோகா கோட்டையிலிருந்து ஏறத்தாழ 60 பீரங்கிகளை மாடு பூட்டிய சறுக்குவண்டிகளில் ஏற்றி, பனியிலும் உறைந்த ஆறுகளிலும் இழுத்து பாஸ்டன் பக்கம் கொண்டுவந்து சேர்த்தார். அவை டார்செஸ்டர் மேட்டில் ஏறியதும் பிரிட்டிஷ் படை 1776 மார்ச் 17 அன்று நகரைவிட்டு வெளியேறியது. அமெரிக்கப் பீரங்கிப் படை தன் கதையை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆனால் வம்சாவளிச் சங்கிலியில் இன்னும் சுவையான ஆள் அலெக்சாண்டர் ஹாமில்டன். பின்னாளில் நாட்டின் முதல் கருவூலச் செயலாளரானவர். 1776இல் இருபதை ஒட்டிய வயதில், நியூயார்க் மாகாணத்துக்காகத் திரட்டப்பட்ட ஒரு பீரங்கிக் கம்பெனிக்குத் தலைவரானார். பிரிட்டனை எதிர்த்த விடுதலைப் போர் முடிந்ததும், அமைதிக் காலத்தில் நிரந்தரப் படை எதற்கு என்ற பயம் காங்கிரஸில் பலமாக இருந்தது. 1784 ஜூனில் படையை 80 வீரர்களாகச் சுருக்கினார்கள். 25 பேர் பிட் கோட்டையில், 55 பேர் வெஸ்ட் பாயின்டில், கிடங்குகளைக் காக்க. ஒரு நாட்டின் மொத்தத் தரைப்படையும் எண்பது பேர்! அந்தச் சுருக்கத்தில் தப்பிய பிரிவு ஹாமில்டனின் பழைய கம்பெனி. அதன் வம்சாவளி இன்று 5ஆம் களப் பீரங்கி ரெஜிமென்டின் 1ஆம் பட்டாலியனிடம் இருக்கிறது. நாட்டின் நிரந்தரப் படையில் மிகப் பழைய பிரிவு என்ற பெருமை அதற்குத்தான்.

'நிரந்தரப் படையில்' என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மாநிலங்களின் தேசியக் காவல் படையையும் சேர்த்துப் பார்த்தால் இதைவிட மூத்தவர்கள் இருக்கிறார்கள். மாசச்சூசெட்ஸின் 101ஆம் களப் பீரங்கி ரெஜிமென்ட் தன் தொடக்கமாகக் காட்டுவது 1636 டிசம்பர் 13. அமெரிக்கா என்ற நாடு பிறப்பதற்கு 140 வருடம் முன்பு.

சரி, ஹாமில்டனின் கம்பெனி எப்படி 5ஆம் ரெஜிமென்டுக்குப் போனது? 1821இல் பீரங்கிப் படையை நான்கு ரெஜிமென்டுகளாக மாற்றி அமைத்தபோது, இந்தக் கம்பெனி 4ஆம் ரெஜிமென்டில் 'எஃப்' கம்பெனியாகச் சேர்ந்தது. உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் களத்தில் அது நின்றதும் இந்தப் பெயரில்தான். எண்பது வருடம் 4ஆம் ரெஜிமென்டின் பிள்ளையாகவே வாழ்ந்தது. 1901இல் ரெஜிமென்டுகள் எல்லாவற்றையும் கலைத்தார்கள். பேட்டரிகளும் கம்பெனிகளும் தனித்தனியாக நின்றன. அதன் பிறகு இந்தப் பேட்டரி 5ஆம் ரெஜிமென்டுக்குப் போய்விட்டது. ஆக, ரெஜிமென்டின் சங்கிலி வேறு, அதனுள் இருந்த பேட்டரியின் சங்கிலி வேறு. வம்சாவளி படிக்கிறவர்கள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான்.

கடலைப் பார்த்தவர்கள் வானத்தைப் பார்த்த கதை

1901ஆம் வருடச் சட்டம் பீரங்கிப் படையை 126 கடலோரக் கம்பெனிகளாகவும் 30 களப் பேட்டரிகளாகவும் பிரித்தது. எண்ணிக்கையே நிலைமையைச் சொல்லிவிடுகிறது. அன்றைக்குப் பெரிய கவலை, எதிரிப் போர்க்கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்துவிடுமோ என்பது. 1907 ஜனவரி 25 அன்று இரண்டும் முழுதாகப் பிரிந்து, கடலோரப் பீரங்கிப் படை ஒன்று, களப் பீரங்கிப் படை ஒன்று என்று ஆனது. குடும்பத்தின் முதல் பாகப்பிரிவினை.

களப் பீரங்கிக்காரரின் வேலை, காலாட்படையோடு போய், பெரும்பாலும் நிலையாக இருக்கும் இலக்கை அடிப்பது. கடலோரப் பீரங்கிக்காரருக்கு இலக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கப்பல் இப்போது எங்கே, எந்தத் திசையில், என்ன வேகத்தில். குண்டு போய் விழ இத்தனை நொடி ஆகும். அதற்குள் கப்பல் எங்கே இருக்கும்? அந்த இடத்துக்குக் குறிவைக்க வேண்டும். தூரம் அளக்கும் கருவிகள், கணக்குப் பலகைகள், தொலைபேசியில் அளவு சொல்லும் ஆட்கள் என்று இதற்காகவே ஒரு முறை வளர்ந்திருந்தது.

முதல் உலகப்போரில் விமானம் வந்தது. அதைத் தரையிலிருந்து சுட யாரைப் போடுவது? ஓடும் இலக்குக்கு முன்னால் குறிவைக்கத் தெரிந்தவர்கள் படையில் ஏற்கெனவே இருந்தார்கள். 1917இல் விமான எதிர்ப்பு வேலை கடலோரப் பீரங்கிப் படையின் கையில் வந்து சேர்ந்தது. கப்பலைப் பார்த்துப் போட்ட கணக்கில் உயரம் என்ற ஓர் அளவு கூடியது. அந்தப் போரில் பெரிய பீரங்கிகளையும் ரயில் பெட்டியில் ஏற்றிய பீரங்கிகளையும் இயக்கப் பிரான்ஸுக்குப் போனவர்களும் இவர்கள்தான். கனமான பீரங்கியோடு பழகியவர்கள் வேறு யாரும் இல்லை.

என் பார்வையில் இந்த வம்சாவளியின் நடுமுடிச்சு இதுதான். இன்றைய வான் பாதுகாப்புப் பிரிவுகள் பலவற்றின் முன்னோர் கடற்கரைக் கோட்டைகளில் இருந்தார்கள் என்பது தற்செயலாக வாய்த்த ஒட்டுறவு இல்லை. அந்த வேலையின் அறிவு இந்த வேலைக்கு நேராக வந்து சேர்ந்திருக்கிறது. பழைய பீரங்கிச் சின்னம் அந்தக் காலரில் உரிமையோடு இருக்கிறது என்பேன்.

நாம் விட்டுவிட்டு வந்த 4ஆம் ரெஜிமென்டை இப்போது பாருங்கள். 1901இல் கலைந்த அந்தப் பெயரை 1924இல் 4ஆம் கடலோரப் பீரங்கி ரெஜிமென்ட் என்று மீட்டார்கள். இடம், பனாமா கால்வாயின் பசிபிக் வாயிலில் இருந்த அமாடோர் கோட்டை. அதே சமயம் 1907இல் புதிதாகப் பிறந்த 4ஆம் களப் பீரங்கி ரெஜிமென்ட் என்று ஒன்று தனியாக இருந்தது. கோவேறு கழுதைகளின் முதுகில் பீரங்கியைப் பிரித்து ஏற்றி மலைப்பாதையில் போகும் ரெஜிமென்ட் அது. எண் ஒன்று, மூதாதையர் வேறு. எண்ணை மட்டும் பார்த்து உறவு சொல்லக் கூடாது.

உடைத்தார்கள், சேர்த்தார்கள், மறுபடி பிரித்தார்கள்

இரண்டாம் உலகப்போரில் ரெஜிமென்ட் என்ற பெரிய குடும்பம் கனமாகத் தெரிந்தது. எங்கே தேவையோ அங்கே பட்டாலியனைத் தனியாக அனுப்ப வேண்டும். 1943, 44இல் பெரும்பாலான பீரங்கி ரெஜிமென்டுகளை உடைத்து, ஒவ்வொரு பட்டாலியனுக்கும் தனி எண் கொடுத்தார்கள். விமான எதிர்ப்பில் பெரிய பீரங்கிக்கு ஒரு பட்டாலியன், வேகமாகச் சுடும் சிறிய பீரங்கிகளுக்கு ஒன்று, தேடுவிளக்குக்கு ஒன்று. போருக்கு இது சரியாக உதவியது. ஆனால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு குடும்பப் பெயரோடு திரிந்தது போல ஆகிவிட்டது. கடலோரப் பிரிவுகளின் கதி இன்னும் மோசம். எதிரிக் கப்பல் வரும் என்று யாரும் எதிர்பார்க்காத காலத்தில் அவற்றில் பல பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டன.

1950இல் கடலோரப் பீரங்கிப் படை என்ற கிளையே முடிந்தது. களப் பீரங்கியையும் விமான எதிர்ப்பையும் சேர்த்து 'பீரங்கிப் படை' என்று ஒரே கிளையாக்கினார்கள். 1907இல் பிரிந்தவர்கள் ஒரே வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அடுத்தது 1957. அணுகுண்டு யுகத்துக்கு ஏற்றபடி படையின் அமைப்பையே மாற்றிக்கொண்டிருந்தார்கள். சண்டையில் ரெஜிமென்டுக்கு இடமில்லை. ஆனால் அதன் வரலாற்றை விடவும் மனமில்லை. அதற்காக வந்த திட்டம்தான் போர்ப்படை ரெஜிமென்ட் முறை. ரெஜிமென்டுக்குத் தலைமையகமும் தளபதியும் இருக்காது. அது ஒரு குடும்பப் பெயர் மட்டும். பழைய ரெஜிமென்டின் ஒவ்வொரு பேட்டரியும் ஒரு புதிய பட்டாலியனுக்கு விதை. பொதுவாக 'ஏ' பேட்டரி 1ஆம் பட்டாலியனுக்கு, 'பி' பேட்டரி 2ஆம் பட்டாலியனுக்கு என்று. ஒரே ரெஜிமென்டின் பட்டாலியன்கள் இன்று வேறு வேறு ஊரில், ஒன்றையொன்று பார்க்காமலே இருப்பது இதனால்தான். '5-4 ஏ.டி.ஏ.' என்று எழுதியிருந்தால் 4ஆம் வான் பாதுகாப்புப் பீரங்கி ரெஜிமென்டின் 5ஆம் பட்டாலியன் என்று படிக்க வேண்டும். முதல் எண் ஆளின் பெயர் மாதிரி, இரண்டாவது குடும்பப் பெயர்.

இந்தத் திட்டத்தில்தான் ஒரே எண் கொண்ட கடலோரப் பிரிவையும் களப் பிரிவையும் ஒன்றாக்கினார்கள். பனாமாவில் இருந்த 4ஆம் ரெஜிமென்டும் கோவேறு கழுதை 4ஆம் ரெஜிமென்டும் சேர்ந்து '4ஆம் பீரங்கி' ஆயின. ஒரே ரெஜிமென்ட் பெயரில் ஒரு பட்டாலியன் ஹவிட்சர் என்ற களப் பீரங்கி வைத்திருக்கும், இன்னொன்று விமானத்தை அடிக்கும் நைக்கி ஏவுகணை வைத்திருக்கும். கிளைச் சின்னத்தில் குறுக்குப் பீரங்கிகளின் மேல் ஏவுகணை ஏறியதும் இதே 1957இல்.

நடைமுறையில் இந்தக் கூட்டுக்குடும்பம் ஓடவில்லை. ஹவிட்சரில் தேர்ந்த அதிகாரியை ஏவுகணைத் தளத்துக்கும் அங்கிருந்தவரை இங்கேயும் மாற்றினால், இரண்டு வேலையிலும் அரைகுறையாகத்தான் நிற்க வேண்டியிருந்தது. இரண்டுமே ஆழமான தொழில்கள். வியட்நாம் போர் இதைப் பளிச்சென்று காட்டியது. 1968 ஜூனில் வான் பாதுகாப்புப் பீரங்கி தனிக் கிளையானது. களப் பீரங்கி தன் சின்னத்திலிருந்து ஏவுகணையை எடுத்துவிட்டுப் பழைய குறுக்குப் பீரங்கிகளுக்கே திரும்பியது. வான் பாதுகாப்பு ஏவுகணையோடு கூடிய சின்னத்தை வைத்துக்கொண்டது. முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

வியட்நாமில் வான் பாதுகாப்புக்காரர்கள் செய்த வேலையையும் சொல்லாமல் போக முடியாது. தெற்கு வியட்நாமில் அவர்கள் சுட எதிரி விமானம் எதுவும் வரவில்லை. 44ஆம், 60ஆம், 2ஆம் பீரங்கி ரெஜிமென்டுகளின் பட்டாலியன்கள் 'டஸ்டர்' என்ற இரட்டை 40 மில்லிமீட்டர் பீரங்கி வண்டிகளோடு லாரி அணிகளையும் முகாம்களையும் காத்தன. விமானத்துக்காகச் செய்த பீரங்கி தரையில் உயிர் காத்தது. அந்தச் சிறப்புகள் இன்று வான் பாதுகாப்பு ரெஜிமென்டுகளின் கணக்கில் இருக்கின்றன.

கிளை பிரிந்தாலும் ரெஜிமென்டுகளைப் பிரிக்க மூன்று வருடம் ஆனது. 1971 செப்டம்பர் 1 அன்று 1957இல் போட்ட முடிச்சுகளை அவிழ்த்தார்கள். 4ஆம் பீரங்கியிலிருந்து கோவேறு கழுதை வழி வந்த பகுதி 4ஆம் களப் பீரங்கி ஆனது. 1821இலிருந்து பனாமா வழியாக வந்த பகுதி 4ஆம் வான் பாதுகாப்புப் பீரங்கி ஆனது. அதன் 5ஆம் பட்டாலியன் 2018இல் ஜெர்மனியின் ஆன்ஸ்பாக்கில் மறுபடி உயிர்பெற்றது. 2021இல் ஸ்ட்ரைக்கர் கவச வண்டிமேல் ஏற்றிய புதிய குறுந்தூர வான் பாதுகாப்பு ஆயுதத்தை முதலில் வாங்கிய பட்டாலியன் அதுதான். அதன் ரெஜிமென்ட் வரலாற்றைத் திறந்தால் முதல் வரி 1821 என்று தொடங்கும்.

இப்போது களப் பீரங்கிப் பள்ளியும் வான் பாதுகாப்புப் பள்ளியும் ஒக்லஹோமாவின் சில் கோட்டையில் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. வான் பாதுகாப்புப் பள்ளி 2009இல் டெக்சாஸின் பிளிஸ் கோட்டையிலிருந்து அங்கே வந்தது. கிளைகள் தனி, இடம் ஒன்று.

இதெல்லாம் எதற்கு?

காகிதப் பெருமைக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். படையைச் சுருக்கும்போது எந்தப் பெயரை உறங்க வைப்பது, எதைத் தொடர்வது என்று முடிவு செய்யப் பிரிவின் வயதையும் போர்ச் சிறப்புகளையும் பார்க்கிறார்கள். பட்டாலியன் கொடியில் கட்டியிருக்கும் நாடாக்களும் இந்தச் சங்கிலியால்தான் வருகின்றன. ஒவ்வொரு போர்முனைக்கும் ஒரு நாடா. ரெஜிமென்ட் சம்பாதித்ததை அதன் பட்டாலியன்கள் எல்லாம் கட்டிக்கொள்ளலாம். அந்தப் பட்டாலியனே நேரடியாகச் சம்பாதித்ததைத் தனியாக அடையாளம் காட்டுவார்கள்.

நீங்களே ஒரு வம்சாவளியைப் படித்துப் பார்க்க விரும்பினால், நியூ மெக்சிகோ மாநிலத் தேசியக் காவல் படையின் 200ஆம் ரெஜிமென்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அது 111ஆம் குதிரைப்படை. 1940இல் குதிரைகளை விட்டுவிட்டு 200ஆம் கடலோரப் பீரங்கி ஆனது. பெயரில்தான் கடலோரம், வேலை விமான எதிர்ப்பு. இப்போது இது உங்களுக்கு வியப்பாக இருக்காது. கடலே இல்லாத மாநிலத்திலிருந்து கிளம்பிய சுமார் 1,800 பேர் 1941 செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். டிசம்பர் 8 அன்று கிளார்க் விமானத் தளத்தின்மேல் ஜப்பானிய விமானங்கள் வந்தபோது பழைய குண்டுகளை வைத்துக்கொண்டு சுட்டார்கள். அவற்றில் பல வெடிக்கவே இல்லை. அன்று இரவே ஒரு பகுதியைப் பிரித்து மணிலாவுக்கு அனுப்பினார்கள். அது 515ஆம் கடலோரப் பீரங்கி ஆனது. 1942 ஏப்ரல் 9 அன்று பிலிப்பைன்ஸின் பட்டான் தீபகற்பம் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பிறகு சிறைப்பட்டவர்களை நடத்தியே கொண்டுபோன மரண நடைப்பயணம், மூன்றரை வருடச் சிறை. போனவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வீடு திரும்பவில்லை.

போருக்குப் பிறகு அந்த வம்சாவளி வான் பாதுகாப்புப் பிரிவாக நெடுங்காலம் ஓடியது. பிறகு ஆணை மாறியது. இன்று 200ஆம் ரெஜிமென்ட் காலாட்படை. குதிரையும் இல்லை, விமான எதிர்ப்புப் பீரங்கியும் இல்லை. ஆனால் அந்தக் காலாட்படைக் கொடியில் இன்னும் ஒரு நாடா தொங்குகிறது. அதில் எழுதியிருப்பது 'பிலிப்பைன் தீவுகள்'.